சிவப்பணுக்களும் பினாயில் வாளியும்

தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகளில், வாரம் ஒரு நாள், செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே ஐஸ். ஐஸுக்கு நடுவில் மூடி போட்ட சின்னக் குழாய்களில் இரத்தம். சிங்கப்பெருமாள்கோவில் தாண்டுவதற்குள் பெட்டி வியர்த்து என் சுடிதாரை நனைத்துவிடும். எதிரில் இருக்கும் அம்மாக்கள் கேட்பார்கள்: "இன்னாம்மா, மீனா?" ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவ்வளவு கூட்டத்திலும் என்னைச் சுற்றி இடம் காலியாகியிருக்கும்.

அது தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் இரத்தம். திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் ஒரு சின்ன அறக்கட்டளை கிளினிக் இருந்தது. அங்கே காலையில் நர்ஸ் எடுத்துக் கொடுப்பார். மாலைக்குள் நான் அளந்தாக வேண்டும். உடம்பைவிட்டு வந்த இரத்தத்துக்குச் சீக்கிரம் வயதாகிவிடும்.

என்ன அளந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. ஏதோ உறை என்று நினைப்போம். உண்மையில் அது கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம். ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் ஆடிக்கொண்டும், பக்கத்தில் இருப்பதோடு இடம் மாற்றிக்கொண்டும் இருக்கும். அந்த ஆட்டம் இருக்கும்வரைதான் ஒரு சிவப்பணு தன்னைவிடக் குறுகலான இரத்தக் குழாயில் வளைந்து நெளிந்து போய்வர முடியும். சவ்வு விறைத்தால் அணு உடையும். இந்த ஆட்டத்தைப் பார்க்க, இணை இல்லாத ஒற்றை எலக்ட்ரானைச் சுமக்கும் ஒரு மூலக்கூறைச் சவ்வுக்குள் செருகுவோம். 'ஸ்பின் லேபிள்' என்போம். மாதிரியைக் காந்தத்தின் நடுவில் வைத்து மைக்ரோவேவ் செலுத்தினால், உள்ளே அந்த மூலக்கூறு எவ்வளவு தாராளமாகத் திரும்பிப் புரள்கிறது என்பதை ஒரு பேனா காகிதத்தில் வரைந்து காட்டும். இடம் தாராளமாக இருந்தால் மூன்று கூரான சிகரங்கள். நெருக்கடி என்றால் சிகரங்கள் அகன்று, சரிந்து, ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடும்.

எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்களுக்கு ஈ.எஸ்.ஆர். ஆனால் கிளினிக்கில் ஈ.எஸ்.ஆர். என்றால் இரத்தம் குழாயில் எவ்வளவு வேகமாகப் படிகிறது என்று பார்க்கும் சாதாரணச் சோதனை. இந்தப் பெண் அதற்குப் போய் ஏன் சென்னை வரை அலைகிறாள் என்பது நர்ஸுக்குக் கடைசிவரை புரியவில்லை.

தொழுநோய்க்குத் தினமும் சாப்பிடும் டாப்சோன் மாத்திரை சிலருக்குச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். உடைவதற்கு முன்பே சவ்வின் ஆட்டத்தில் மாற்றம் தெரியுமா என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வின் கேள்வி. என் வழிகாட்டிப் பேராசிரியர் திருக்கழுக்குன்றத்தில் கோயில் ஊழியம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார். யாரும் யாரிடமும் குரல் உயர்த்துவதும் அவருக்குப் பிடிக்காது. "நல்ல ப்ராப்ளம்மா, பண்ணு" என்றார்.

ஈ.எஸ்.ஆர். கருவி எங்கள் துறையில் இல்லை. அதே வளாகத்தில், எல்லாத் துறைகளுக்கும் பொதுவான கருவி மையத்தில் இருந்தது. அதற்கு ஒரு பொறுப்பாளர். வெளிநாட்டில் படித்தவர், காந்த ஒத்ததிர்வில் ஊரறிந்த பெயர். இரண்டு மூன்று வாரம் ஒரு சிக்கலும் இல்லை. பிறகு ஒரு நாள் என் மாதிரிகள் என்னவென்று தற்செயலாகக் கேட்டார். சொன்னேன். முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த வாரம் பெட்டியோடு போனபோது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: தொற்றுநோய் உள்ளவர்களின் மாதிரிகளுக்கு அனுமதி இல்லை.

அவர் அறைக்குப் போய் நின்றேன்.

"சார், இவங்க எல்லாரும் மாத்திரை சாப்பிடுறவங்க. யாருக்கும் இவங்ககிட்டேயிருந்து ஒட்டாது. அந்தக் கிருமி சிவப்பணுவில இருக்கிறதும் இல்லை. நான் அணுக்களைக் கழுவி, கண்ணாடிக் குழாயில அடைச்சு, அதை இன்னொரு குழாய்க்குள்ள வெச்சுத்தான் கருவிக்குக் கொடுக்கிறேன்."

"எனக்குத் தெரியாதாம்மா? எனக்கு ஒண்ணும் இல்லை. டெக்னீஷியன் பயப்படுறான். அவனுக்குக் குழந்தை குட்டி இருக்கு. நான் அவனைக் கட்டாயப்படுத்த முடியுமா?"

வழிகாட்டியிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரிய மனுஷன். பகைச்சுக்க வேண்டாம்மா. நோயாளிங்க ரத்தமே வேண்டாம். உன் ரத்தத்தையே எடுத்து அதுல மருந்தைக் கலந்து பாரேன். ரிசல்ட் வந்துரும்."

சோதனைக் குழாயில் மருந்தைக் கலப்பதும், மாதக்கணக்கில் மருந்தோடு வாழும் ஓர் உடம்பில் நடப்பதும் ஒன்றல்ல என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றைய இரத்தம் முழுவதும் வீணாயிற்று. இருமிக்கொண்டே கை நீட்டிக் கொடுத்த ஒரு கிழவரின் இரத்தமும் அதில் இருந்தது. எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றினேன். கோபத்தோடுதான் ஊற்றினேன்.

இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. என் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். அவர் தலைமுறையில்தான் எங்கள் குடும்பம் அடுத்தவர் வயலைவிட்டு வெளியே வந்தது. செங்கல்பட்டில் நான் படித்த பள்ளியில், என் தண்ணீர் பாட்டிலில் குடிக்கும்போது மட்டும் வாய் படாமல் அண்ணாந்து குடித்த தோழிகளை எனக்குத் தெரியும். அவர்களும் இப்படித்தான் சொல்வார்கள்: எனக்கு ஒண்ணும் இல்லடி, எங்க அம்மாதான். எப்போதும் வேறு யாரோதான் பயப்படுவார்கள். கிருமி எதில் இருக்கும், எதில் இருக்காது என்று படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் அதே வாக்கியத்தைச் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கிளினிக் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், குள்ளம், பேச்சில் நிறுத்தற்குறியே கிடையாது. அடுத்த வாரம் அவரே என்னோடு ரயில் ஏறிவிட்டார். பொறுப்பாளர் அறையில் உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை.

"என் கையைப் பாருங்க. கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்து இதே கையாலதான் சோறு போட்டேன். இதே கையாலதான் தினமும் அவங்க புண்ணைத் தொடறேன். உங்க டெக்னீஷியனைக் கூப்பிடுங்க. நான் பேசிக்கிறேன்."

பொறுப்பாளர் எழுந்து, "மேடம், அதெல்லாம் வேண்டாம்" என்றார். டாக்டரம்மா கதவைத் திறந்து அவரே கூப்பிட்டார். டெக்னீஷியன் வந்தார். என் அப்பா வயது இருக்கும். மதுராந்தகம் பக்கத்துக்காரர். அதுவரை என்னோடு இரண்டு வார்த்தை பேசியிருப்பார்.

"இந்தப் பொண்ணு கொண்டுவர ரத்தத்தைப் பார்த்து நீங்க பயப்படுறீங்களாமே?"

அவர் பொறுப்பாளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நானா? நான் எங்க சார் சொன்னேன்? இத்தினி வாரமா நான்தான ட்யூபை வெச்சு எடுத்துகினு கீறேன்? எம் பேர்ல ஏன் சார் போட்றீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனிதனுக்குத் தெரியாமலேயே அவன் தலையில் ஒரு பயத்தைக் கட்டி, அதன் பின்னால் ஒளிந்துகொள்ள முடியும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

காகிதம் கிழிந்தது. ஆனால் பொறுப்பாளர் தோற்றுப்போய் விடுகிறவர் இல்லை. இரண்டு நிபந்தனை போட்டார். மற்ற எல்லோரும் முடித்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு நேரம். முடித்ததும் மேஜை, நாற்காலி, தரை எல்லாவற்றையும் நானே பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். அமிலத்தைச் சிந்தியவர்கள்கூட அந்த அறையைத் துடைத்ததில்லை. வழிகாட்டி, "கிடைச்சுதே, அதைப் பாரும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார்.

என் அம்மா செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. வகுப்பறைகளையும் கழிப்பறைகளையும் துடைத்து அந்தக் காசில் என்னைப் படிக்க வைத்தார். எவ்வளவு சோப்பு போட்டாலும் அவர் விரல்களில் பினாயில் வாசனை போகாது. நான் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் மோப்பம் பிடிப்பார். "உங்க லேப்ல இன்னாடி, எங்க இஸ்கூல் வாசன வருது?" கருவி சுத்தம் செய்கிற மருந்து என்று சொல்லிவைத்தேன். பொய் சொன்ன கோபமும் சேர்ந்துகொண்டது.

துடைத்தேன். மாதக்கணக்கில் துடைத்தேன். டெக்னீஷியன் சில நாள் துணியைப் பிடுங்க வருவார். "குடும்மா, நான் பண்றேன்" என்பார். கொடுக்கமாட்டேன். எனக்காக இன்னொருவர் ஏன் குனிய வேண்டும்? அவரும் குனிந்து குனிந்துதான் அந்த வேலைக்கு வந்திருப்பார்.

அளவுகள் மட்டும் நன்றாக வந்தன. மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோரின் கோடு, சாப்பிடாதவர்களின் கோட்டிலிருந்து கொஞ்சமே விலகியிருந்தது. ஒரே ஒருவருடையது மட்டும் ஒவ்வொரு முறையும் கூடுதலாக விலகிக்கொண்டே போனது.

அவர் நாற்பது வயதுப் பெண். திருக்கழுக்குன்றத்தை ஒட்டிய காலனியில் வீடு. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில், செதுக்கி முடித்த கருங்கல் சிலைகளைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து மெருகேற்றும் வேலை. இடது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி கிடையாது. தோல் போனதே தெரியாமல் தேய்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துத்தான் கையை எடுப்பார். பட்டறையில் யாருக்கும் நோய் தெரியாது. கல்லில் நசுங்கிய விரல் என்று சொல்லியிருந்தார். என்னை முதலில் டாக்டர் என்று நினைத்து அந்த மரியாதையோடு பேசினார். இல்லை என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார்.

"இன்னாம்மா, இவ்ளோ ரத்தம் எத்துனு போறியே, ஒரு வாய் காப்பித் தண்ணியாச்சும் வாங்கிக் குடுத்தியா?"

வாங்கிக் கொடுத்தேன். அதன்பின் நான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்தக் கோடுகளை வழிகாட்டியிடம் காட்டினேன். "ஒரு பேஷன்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. அவுட்லையர். மத்ததோட சேராது. தனியா வெச்சுடு."

"சார், அவங்க மூச்சு வாங்குறாங்க. படியேற முடியலைன்னு சொல்றாங்க."

"அது டாக்டர் பார்த்துப்பாங்க. நம்ம வேலை சவ்வு."

அவருடைய அறையைவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். சவ்வு என்பது ஒரு ஆளுக்குள் இருக்கிற சவ்வு. அந்த ஆள் மூச்சு வாங்குகிறாள். அதைத் தனியாக வைத்துவிடச் சொல்கிறார், குரல் உயர்த்தாத நல்ல மனிதர்.

மறுநாள் கிளினிக்குக்குக் காகிதச் சுருளோடு போனேன். டாக்டரம்மாவுக்கு அந்தக் கோடுகள் புரியவில்லை. புரிந்ததாக நடிக்கவும் இல்லை. "மோசமா, நல்லதா? அதை மட்டும் சொல்லு." மோசம் என்றேன். அக்காவை வரவழைத்து, கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், அன்றே ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார். மிகவும் இறங்கியிருந்தது. முந்தைய மாதம் யாரும் பார்த்திருக்கவில்லை. டாப்சோனை நிறுத்தி, தொழுநோய்க்கு அதோடு சேர்த்துக் கொடுக்கும் மற்ற இரண்டு மருந்தை மட்டும் தொடர்ந்தார், இரும்புச் சத்து மாத்திரையும் சேர்த்தார். தன் மேலேயே எரிந்து விழுந்துகொண்டு, நர்ஸ் மேலும் எரிந்து விழுந்தார்.

எனக்கு நன்றி சொல்வார் என்று அக்காவிடம் நான் எதிர்பார்த்திருந்தேனோ என்னவோ. அவர் என்னைத் திட்டினார்.

"எத்தினி மாசமா எடுக்கிற? இப்பத்தான் தெரிஞ்சிதா? நான் பட்டறையில மயங்கி வுழுந்து எழுந்துகினு கீறேன், நீ ஊசிய குத்தி எத்துனு போய்கினே கீற. எங்க எத்துனு போற, இன்னா பண்ற, ஒண்ணுமே சொல்லல. எனக்கு அத்த பாக்கணும். எங்க போவுது என் ரத்தம்? காட்டு."

அவர் கேட்டதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

இரண்டு மாதம் கழித்து, உடம்பு தேறி, தெம்பாக நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு சனிக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அன்று அவருடைய இரத்தத்தை அவரே மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார். வாசல் காவலரிடம் என் சித்தி என்று சொல்லி உள்ளே அழைத்துப்போனேன். டெக்னீஷியன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். நான் அணுக்களைக் கழுவி, லேபிள் ஏற்றி, மெல்லிய கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, காந்தத்தின் நடுவே இறக்கினேன். பேனா நகர ஆரம்பித்தது.

"இத்தான் நானா?"

"உங்க ரத்தத்துல ஒரு அணுவோட தோல், அக்கா. எவ்வளவு ஆடுதுன்னு வரையுது."

"இப்ப நல்லா ஆடுதா?"

"நல்லா ஆடுது."

பழைய கோட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப செத்துகினு இருந்திருக்கேன்" என்றார். அதற்கு மேல் அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. பசிக்கிறது என்றார்.

அப்போது கதவு திறந்தது. பொறுப்பாளர். எதையோ மறந்து எடுக்க வந்திருப்பார். உள்ளே ஒரு கால் வைத்தவர் அக்காவின் இடது கையைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்தார்.

"யாரு இவங்க? யாரு உள்ள விட்டது?"

"நான்தான் சார் உக்காரச் சொன்னேன்" என்றார் டெக்னீஷியன்.

பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "முடிச்சுட்டு நல்லா துடைச்சுட்டுப் போ. நாற்காலியை முக்கியமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எடுக்க வந்ததை எடுக்கவில்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். வாளியில் தண்ணீர் பிடித்தேன். பினாயில் ஊற்றினேன். மாதக்கணக்காகப் பழகிப்போன உடம்பு, யோசிக்காமலே செய்தது. அக்கா எழுந்து நின்றதும் துணியைப் பிழிந்து அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைக்கக் குனிந்தேன்.

"இன்னாத்துக்கு அத்த தொடைக்கிற?"

நிமிர்ந்தேன்.

"நான் குந்தின எடம்னா?"

கையில் துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கேட்டார்: "இதுக்கா உன்ன படிக்க வெச்சாங்க?"

துணியை வாளியில் போட்டேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே மரத்தடியில் கவிழ்த்தேன். அந்த நாற்காலியில் நானே வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அக்கா சமாதானம் செய்யவில்லை. டெக்னீஷியன்தான், "வாங்க, நாஸ்தா எதனா துன்னலாம்" என்று எங்கள் இரண்டு பேரையும் கேன்டீனுக்குக் கூட்டிப்போனார். மூன்று பேரும் போண்டா சாப்பிட்டோம். என் கோபம் முழுக்க அப்போதுதான் கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றது. அதுவரை அது எல்லாப் பக்கமும் சிதறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை பொறுப்பாளர் கூப்பிட்டு ஏன் துடைக்கவில்லை என்று கேட்டார்.

"இனிமே துடைக்கமாட்டேன் சார்."

"அப்ப கருவி கிடையாது."

"எழுதிக் கொடுங்க சார். தொழுநோயாளி உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்காததால கருவி கிடையாதுன்னு உங்க கையால எழுதிக் கொடுங்க. டாக்டரம்மா அதை எங்கே கொண்டுபோகணுமோ அங்கே கொண்டுபோவாங்க."

எழுதித் தரவில்லை. நேரமும் தரவில்லை. கருவி பழுது, ஆள் விடுப்பு, அவசர வேலை என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம். என் கையில் இருந்த அளவுகளை வைத்து ஆய்வேட்டை முடித்தேன். ஒரு வருடம் தள்ளிப்போனது. அக்காவின் அளவுகளைத் தனியாக வைக்கவில்லை. அதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினேன். வழிகாட்டி அதை எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். முதல் முறையாக அவர் முன் குரல் உயர்த்தினேன். அவர் பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். கட்டுரையாக வெளியிட்டபோது, எனக்குச் சொல்லாமலே பொறுப்பாளரின் பெயரையும் சேர்த்துவிட்டார். கேட்டதற்கு, "மெஷின் அவருதும்மா" என்றார்.

அக்காவை வேலைக்கு வைத்திருந்த பட்டறையில் ஒரு நாள் விஷயம் தெரிந்துபோய் நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா போய்ச் சண்டை போட்டும் பலனில்லை. வேறு ஒரு பட்டறையில், நோய் குணமாகிவிட்டது என்று சொல்லியே வேலை வாங்கினார் அக்கா. அந்த முதலாளி, "கை வேலை செய்யுதா? அது போதும்" என்றாராம். இந்தக் கதையில் எனக்குக் கோபம் வராத ஒரே முதலாளி அவர்தான்.

பிறகு நான் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, மாமல்லபுரம் பக்கம் கடலோர விடுதிகள் பெருகின. அப்படி ஒன்றில் உயிர்ச் சவ்வுகளைப் பற்றிய மாநாடு ஒன்று நடந்தது. போனேன். முதல் நாள் காலைப் பேச்சு அந்தப் பொறுப்பாளருடையது. தலை முழுக்க நரைத்திருந்தது. 'காந்த ஒத்ததிர்வும் சமூகப் பொறுப்பும்' என்ற மாதிரி ஒரு தலைப்பு. ஏழை நோயாளிகளின் நோயை எங்கள் மையம் அன்றே கையில் எடுத்தது, யாரும் தொடத் தயங்கிய மாதிரிகளை நாங்கள் தொட்டோம் என்று சொல்லி ஒரு படத்தைத் திரையில் போட்டார். அக்காவின் கோடு. வலது ஓரத்தில் மின்சாரம் ஏறி இறங்கியபோது பேனா குதித்த இடம்கூட அப்படியே இருந்தது.

கேள்வி நேரம் வந்ததும் எழுந்தேன். மைக் வரும்வரை காத்திருக்கவில்லை.

"சார், அந்த மாதிரிகளை நீங்க உள்ளே விடலை. கதவுல காகிதம் ஒட்டினீங்க. டெக்னீஷியன் பயப்படுறார்னு பொய் சொன்னீங்க. பிறகு ஒவ்வொரு வாரமும் என்னைத் தரையைத் துடைக்க வெச்சீங்க. அந்தக் கோடு யாருடையதோ அவங்க உங்க நாற்காலியில உட்கார்ந்தப்போ நீங்க உள்ளே வெச்ச காலைப் பின்னால எடுத்தீங்க. இதையும் உங்க படத்துல சேர்த்துக்குங்க."

தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஆனால் தேநீர்க் கோப்பையோடு ஒவ்வொருவராக என் பக்கத்தில் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "கரெக்டா கேட்டீங்க மேடம்" என்று காதோரம் சொன்னார்கள். அவர்கள்மேல் வந்த கோபம் பொறுப்பாளர்மேல் வந்ததைவிட அதிகம்.

கடைசியில் அவரே வந்தார். "நீங்க இப்படிப் பேசியிருக்க வேண்டாம். அன்னைக்கு நான் நேரம் கொடுக்கலைன்னா உங்க ஆய்வே இல்லை."

"அது யாரோட ரத்தம்னு தெரியுமா சார்?"

"ஏதோ ஒரு பேஷன்ட்."

"இங்கேயிருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம். கல் தேய்ச்சுக்கிட்டிருப்பாங்க. வாங்க, காட்டுறேன். உங்க படத்தை அவங்களுக்கும் போட்டுக் காட்டுங்க."

"ஃப்ளைட் இருக்கு" என்றார். கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார்.

நான் மட்டும் போனேன். பட்டறை முழுக்க உளிச் சத்தம். அக்கா ஒரு நந்தியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் சதை போட்டிருந்தது. உணர்ச்சியில்லாத விரல்களுக்கு ரப்பர் உறை மாட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இந்தப் பக்கம்? ஊசி எத்துனு வரலியே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 'எங்கள் மையம் தொட்டது' என்று பொறுப்பாளர் பேசியதைச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"கால பின்னால எத்துனு போனானே, அவனா?"

"அவர்தான்."

"நீ கேட்டதுக்கு இன்னா சொன்னான்?"

"ஃப்ளைட் இருக்குன்னு சொன்னார்."

அக்கா ஒரு வார்த்தை சொன்னார். இங்கே எழுத முடியாத வார்த்தை. பக்கத்தில் உளி பிடித்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதையே இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னார். பிறகு, "போனா போறான். நீ சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, செம்பில் தண்ணீர் எடுத்து நந்தியின் முதுகில் ஊற்றினார்.

அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.